எல்லாருக்கும் போட்டால்தான் உட்காருவோம்

தாளாளர் அறையில் மூன்று நாற்காலிதான் போட்டிருந்தார்கள். நாங்கள் நான்கு பேர் போயிருந்தோம்.

மே மாத மத்தியானம். கரண்ட் இல்லை. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் எந்தக் காலத்துப் பொங்கல் வாழ்த்தோ ஒன்று வெளுத்துப்போய்க் கிடந்தது. வெளியே யாரோ பள்ளி வேனைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஈர மண் வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது, காற்று மட்டும் வரவில்லை.

எங்கள் ஆசிரியர் சங்கத் தலைவர் ராஜமாணிக்கம் சார் நாற்காலிகளை ஒரு பார்வை பார்த்தார். பி.டி. வாத்தியார் பாலுவும் பார்த்தார். சங்கச் செயலாளர் என்ற பெயரில் பேச்சுவார்த்தைக்குப் போய்ப் போய்ப் பழகிவிட்ட நானும் பார்த்தேன். கதவோரம் மலைப் பள்ளி ஆசிரியை மலர்க்கொடி மடக்குக் குடையைப் பிடித்தபடி நின்றாள். விடியற்காலையில் வெள்ளிமலையில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம் வழியாக இறங்கி வந்தவள். அவளுடைய வேலை இருக்குமா, போகுமா என்பதைத்தான் அன்றைக்குப் பேசப் போயிருந்தோம்.

"உக்காருங்க சார்" என்றார் தாளாளர்.

ராஜமாணிக்கம் சார் உட்காரவில்லை. அவர் உட்காராததால் நாங்களும் உட்காரவில்லை.

இந்த நிற்கிற சமாச்சாரம் உங்களுக்குப் புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பின்னால் போவது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை என்பது இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். இந்த வாரமும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாற்காலி பிடுங்கிய கதை

எங்களுடையது தனியார் பள்ளி. ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. கள்ளக்குறிச்சி டவுனில் பெரிய பள்ளி, கல்வராயன் மலை மேல் சின்னப் பள்ளி. 'தனியார் பள்ளியில் சங்கமா?' என்று வெளியூர் ஆசிரியர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்தச் சங்கம் சம்பளத்துக்காகப் பிறக்கவில்லை. நாற்காலிக்காகப் பிறந்தது.

இப்போதைய தாளாளரின் அப்பாவைப் பெரியவர் என்று சொல்வோம். அவர் ஒரு நாள் ரவுண்ட்ஸ் வரும்போது, ஆறாம் வகுப்பில் ஒரு டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தபடி கண்ணயர்ந்துவிட்டாள். மறுநாள் போய்ப் பார்த்தால் எந்த வகுப்பிலும் நாற்காலி இல்லை. எல்லாவற்றையும் மாடியில் கொண்டுபோய் அடுக்கிவிட்டார்கள். நின்று பாடம் நடத்தினால்தான் சுறுசுறுப்பு வரும் என்று ஒரு சுற்றறிக்கை வேறு. அதை எழுதியவர் நிச்சயம் உட்கார்ந்துதான் எழுதியிருப்பார்.

எனக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. சாயங்காலம் ஆனால் செருப்புக்குள் கால் நுழையாது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்திருக்கிறேன். நைனார்பாளையத்தில் அம்மா வீட்டுக்குப் போனதும் வாளி வெந்நீரில் உப்பைப் போட்டுக் காலை வைக்கச் சொல்வாள். கால் வீக்கம் வடிகிற வரைக்கும் பள்ளியை நடத்துகிறவர்களின் வம்சத்தையே திட்டிக்கொண்டிருப்பாள். அந்த வார்த்தைகளை இந்தப் பத்திரிகை அச்சிடாது.

சைக்கிள் ஷெட்டில் கூடினோம். கூட்டியவர் ராஜமாணிக்கம் சார். அப்போது இளவட்டம். கணக்கு வாத்தியார். அவருக்குக் கோபப்படத் தெரியாது, விட்டுக்கொடுக்கவும் தெரியாது. ஒரு திங்கட்கிழமை மதியம் நாங்கள் எல்லாரும் டிபன் பாக்ஸைக் கையில் ஏந்திக்கொண்டு, ஆபீசுக்கு எதிரே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டே சாப்பிட்டோம். பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொண்டுவந்த தாய்மார்கள் எல்லாம் பார்த்தார்கள். "இன்னா டீச்சர், உக்காந்து துண்ணக் கூடாதுன்னு வேண்டுதலா?" என்று ஒரு அம்மா சத்தமாகக் கேட்டாள். சத்தம் பெரியவர் காது வரைக்கும் போயிருக்க வேண்டும். கூப்பிட்டு அனுப்பினார்.

அறைக்குள் ஒரே ஒரு நாற்காலி, ராஜமாணிக்கம் சாருக்கு மட்டும்.

"உக்காருய்யா."

"எல்லாருக்கும் போட்டாதாங்க உக்காருவோம்."

போட்டார்கள். வகுப்பறைகளுக்கும் நாற்காலி இறங்கி வந்தது. அன்றிலிருந்து அது எங்கள் சங்கத்தின் வழக்கமாகிவிட்டது. சில வருஷங்களுக்கு ஒரு முறை சம்பள ஒப்பந்தம் பேசப் போகும்போதெல்லாம் முதலில் பார்ப்பது நாற்காலியைத்தான். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இதைக் கேலி பண்ணுவார்கள். வீங்காத கால்களுக்குப் புரியாது என்று விட்டுவிடுவேன்.

கிழங்கு விலை ஏறட்டும்

இனி இந்தக் கதை. கொரோனாவுக்குப் பிறகு டவுன் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். இருந்தவர்களுக்கும் ஃபீஸ் வரவில்லை. மரவள்ளி போட்டிருந்த அப்பாக்கள் வாசலில் வண்டியை நிறுத்தாமலே, "கெழங்கு வெல ஏறட்டும் டீச்சர், மொத்தமா கட்டிர்றன்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கிழங்கு விலை இறங்கத்தான் செய்தது.

மலைப் பள்ளியில் ஃபீஸே கிடையாது. வெளியூர்க்காரர் ஒருவரின் நன்கொடையில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் அவர் கையை விரித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து எங்கள் ஒப்பந்தமும் முடிந்து, புதிதாகப் பேச வேண்டியிருந்தது.

தாளாளர் பிரபாகர் எங்கள் பள்ளியிலேயே படித்தவர். கணக்கு ராஜமாணிக்கம் சாரிடம். சென்னையில் கம்பெனி வேலை பார்த்துவிட்டு, பெரியவர் காலமான பிறகு இங்கே வந்து பொறுப்பை ஏற்றார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எங்களை மாதிரியே அவருக்கும் ராத்திரி தூக்கம் வந்திருக்காது.

முதல் சுற்றில் அவர் சொன்னது இதுதான்: டவுன் ஆசிரியர்களுக்குச் சம்பள உயர்வு தருகிறேன், மலையில் ஒன்பதாம் வகுப்பையும் பத்தாம் வகுப்பையும் மூடிவிடுகிறேன். அந்த வகுப்புகளுக்கு மலையில் நான்கு ஆசிரியர்கள். ஒன்பதாவது படிக்கக் கீழே இறங்கி வா என்றால் பையன்களில் பாதி வருவார்கள். பெண்பிள்ளைகளை வீட்டில் அனுப்ப மாட்டார்கள். எட்டாவதோடு கல்யாணப் பேச்சு ஆரம்பித்துவிடும்.

"மூட ஒத்துக்க மாட்டோம் பிரபா" என்றார் ராஜமாணிக்கம் சார்.

"அப்ப நீங்களே சொல்லுங்க சார். நாலு பேர வெச்சி நடத்த என்னால முடியல. கம்மி ஆளுங்கள வெச்சி நடத்த வழி இருக்குதா? டைம்டேபிள்ல உங்கள மிஞ்ச ஆள் கெடையாது."

யாருடைய கணக்கு

வாத்தியார்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எங்கள் முன்னால் ஒரு கணக்கை வைத்தால், அது யாருக்காக, எதற்காக என்று கேட்க மாட்டோம். போட்டுவிடுவோம்.

ராஜமாணிக்கம் சாருக்கு அந்தப் பழக்கம் கொஞ்சம் ஜாஸ்தி. இரண்டு பள்ளிகளுக்கும் வருஷா வருஷம் கால அட்டவணை போடுகிறவர் அவர்தான். ஒரு கட்டம் கூடக் காலியாக இருக்காது. 'காலிக் கட்டத்தப் பாத்தா பல்லு போன வாய் மாதிரி இருக்குது' என்பார். எல்லாக் கட்டமும் நிரம்பியதும் பேனாவை மூடிவிட்டு டீ சொல்வார்.

அன்று சாயங்காலம் சயின்ஸ் லேபில் உட்கார்ந்தோம். கேஸ் நாற்றம், அமில நாற்றம், பாலு வாங்கி வந்த போண்டாவின் எண்ணெய் நாற்றம். பெரிய சார்ட் பேப்பரை விரித்து நான்கு மூலையிலும் பீக்கர் வைத்தோம். ஒன்பதாவதையும் பத்தாவதையும் ஒன்றாக உட்கார வைத்துச் சமூக அறிவியல். கணக்கு எடுப்பவரே அறிவியலையும் பார்த்துக்கொள்வார்.

"சார், வியாழக்கெழம ரெண்டாவது பீரியட் முட்டுது" என்பார் பாலு.

"முட்டாது. தமிழ அந்தாண்ட தள்ளு."

நானும் விட்டேனா? விளையாட்டுப் பீரியடை எங்கே நுழைக்கலாம் என்று யோசனை சொன்னது நான்தான். இருட்டுகிற நேரத்தில் கடைசிக் கட்டம் நிரம்பியது. நான்கு பேர் வேலை மூன்று பேருக்குள் அடங்கிவிட்டது. கைதட்டினோம், அதுதான் கொடுமை. பள்ளி பிழைத்துவிட்டது என்று நிஜமாகவே நினைத்து, கீழே கையெழுத்தும் போட்டோம்.

மறுநாள் காலை தாளாளர் அதைப் பார்த்து முகம் மலர்ந்தார். அப்போதே செல்போனில் படம் எடுத்து அறக்கட்டளைக்காரர்களுக்கு அனுப்பினார்.

"சூப்பர் சார். ஸ்கூல மூட வேணாம். ஒரு போஸ்ட்ட மட்டும் எடுத்துர்லாம். கடைசியா சேந்தது யாரு, மலர்க்கொடியா?"

நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வராந்தாவுக்கு வந்ததும் ராஜமாணிக்கம் சார் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"இன்னா பாலு பண்ணி வெச்சிட்டோம்?"

ஓர் ஆளை வேலையை விட்டு எடுக்க நிர்வாகம் பாடுபட்டு வழி தேடும், சங்கம் தடுக்கும். உலக வழக்கம் அது. நாங்கள் வழியும் கண்டுபிடித்து, போண்டாவும் சாப்பிட்டிருந்தோம்.

தண்ணீர்த் தொட்டிப் பக்கம்

சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. மலைப் பள்ளியில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனால்தான் செல்போனில் சிக்னல். மலர்க்கொடி அங்கே நின்று கேட்டுக்கொண்டாள். தொட்டியிலிருந்து தண்ணீர் வழிகிற சத்தம் எனக்கும் கேட்டது.

"நீங்களே உக்காந்து போட்டீங்களா டீச்சர்?"

"ஆமா மலரு. இப்பிடி ஆவும்னு..."

"மூணு பேருமா?"

"ஆமா."

"சரி டீச்சர், பெல் அடிக்கிறாங்க" என்று வைத்துவிட்டாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவள் மலையிலேயே பிறந்தவள். கீழே வந்து பி.எட். முடித்துவிட்டுத் திரும்ப மேலேயே போனவள். ஒரு தடவை பரீட்சை வேலையாக மலைக்குப் போய் அவள் வீட்டில் தங்கினேன். காலையில் கண் விழித்தால் அவள் புடவை கட்டிக் கிளம்பி நிற்கிறாள். "சும்மா வாங்க டீச்சர், ஊருக்குள்ள போய்ட்டு அப்பிடியே ஸ்கூலுக்குப் போலாம்" என்றாள்.

சும்மா இல்லை. மலையில் பல குடும்பங்கள் சீசனுக்கு மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போய்விடும். வீட்டிலேயே தங்கிவிடுகிற பெரிய பெண் ஆட்டையும் தம்பி தங்கைகளையும் பார்த்துக்கொள்ளும். பள்ளிக்கூடம் மறந்துவிடும். மலர்க்கொடி அப்படி ஒரு வீட்டு வாசலில் கல்லின் மேல் உட்கார்ந்தாள். பள்ளி என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஆட்டுக்கு ஏன் கால் நொண்டுகிறது என்று கேட்டாள். குட்டித் தம்பிக்கு மூக்கைத் துடைத்துவிட்டாள். பிறகு எழுந்து, "தம்பியையும் தூக்கிக்கினு வா, அங்கன்வாடி ஆயாகிட்ட வுட்ரலாம், நான் பேசிட்டன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தது. இப்படியே வீடு வீடாக. பள்ளி வாசலை எட்டும்போது எங்களுக்குப் பின்னால் ஒரு சின்ன ஊர்வலமே வந்தது. என் செருப்பு வார் அறுந்துவிட்டிருந்தது. அவள் மூச்சு கூட வாங்காமல் நேராக முதல் பீரியடுக்குப் போனாள்.

இது எனக்குத் தெரியும். தெரிந்தும் லேபில் உட்கார்ந்து கட்டம் நிரப்பும்போது எனக்கு அது ஞாபகமே வரவில்லை. அதற்கு எந்த அட்டவணையிலும் கட்டம் இல்லை.

கை தூக்காத சுமதி

மலர்க்கொடியின் வேலையைக் காப்பாற்ற எங்களிடம் கொடுப்பதற்கு ஒன்றுதான் இருந்தது. டவுன் ஆசிரியர்களின் சம்பள உயர்வு. அதை ஒரு வருஷம் தள்ளிப் போட்டால் நான்கு பேரையும் வைத்துக்கொள்ளக் கேட்கலாம். ஸ்டாஃப் ரூமில் கூட்டம் போட்டோம்.

தமிழாசிரியை சுமதி எழுந்தாள். "மலைல இருக்கறவங்களுக்காக எம் பொண்ணு காலேஜுக்கு நான் எங்க போய் பொரட்டறது? தப்பு பண்ணது நீங்க மூணு பேரு. எங்க வூட்டு அடுப்புல ஏன் தண்ணி ஊத்தறீங்க?"

நியாயமான கேள்வி. ராஜமாணிக்கம் சார், "இதுக்கு எங்கிட்ட பதில் இல்லம்மா" என்றார். அவர் பதில் சொல்லப் பார்த்திருந்தால் தோற்றிருப்போம் என்று இப்போது தோன்றுகிறது. கைகள் ஒவ்வொன்றாக, தயங்கித் தயங்கித்தான் எழுந்தன. மயிரிழையில் தேறினோம்.

சுமதி கை தூக்கவில்லை. "தூக்க மாட்டன். ஆனா முடிவானத எதுத்தும் பேச மாட்டன்" என்றாள். எனக்கு அவள் மேல் அன்றைக்கு வந்த மரியாதை இன்றும் குறையவில்லை.

சிவப்பு நாற்காலி

இப்போது அந்த மே மாத அறைக்குத் திரும்பலாம். இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறோம்.

தன் கணக்கு வாத்தியார் நிற்கும்போது உட்கார்ந்திருக்கப் பிரபாகரால் முடியவில்லை. அவரும் எழுந்துவிட்டார்.

"சார், உக்காருங்க. கால் வலிக்கப் போவுது."

"எல்லாருக்கும் போடு பிரபா, உக்கார்றன்."

"அவங்க கமிட்டில இல்லியே சார்."

"நான் போட்ட டைம்டேபிள்லயும்தான் அவங்க இல்ல. அந்தத் தப்ப ஒரு வாட்டி பண்ணிட்டன். மறுபடி பண்றதா இல்ல."

மலர்க்கொடி கதவோரத்திலிருந்து, "பரவால்ல சார், நான் நிக்கிறன். பஸ்லயே நின்னுக்கினுதான் வந்தன்" என்றாள்.

"அதனாலதாம்மா சொல்றன்" என்றார் அவர்.

ஆபீஸ் உதவியாளர் ஏழுமலையை நாற்காலிக்கு விரட்டினார்கள். லீவு நாள். அறைகள் எல்லாம் பூட்டு. சாவி வைத்திருந்த வாட்ச்மேன் எலவனாசூர்கோட்டையில் ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தார். பெரிய மனுஷர்கள் ஐந்து பேர் மேஜையைச் சுற்றி நின்றுகொண்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

கடைசியில் ஏழுமலை வந்தார். கையில் எல்.கே.ஜி. பிள்ளைகள் உட்காரும் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. முதுகில் வாத்துப் படம்.

"இதான் சார் வெளிய கெடந்துது."

முதலில் சிரித்தது பாலு. பிறகு தாளாளர். மலர்க்கொடி அதில் உட்கார்ந்தாள். முழங்கால் முகவாயை இடித்தது. குடையை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் உட்கார்ந்த பிறகு நாங்கள் உட்கார்ந்தோம்.

ராஜமாணிக்கம் சார் அட்டவணையைத் திரும்பக் கேட்டார். மூன்று பேர் போதும் என்று உங்கள் கையெழுத்தோடு அறக்கட்டளைக்குப் போய்விட்டதே என்றார் தாளாளர். பிறகு அந்தச் சின்ன நாற்காலியைக் குனிந்து பார்த்து, நாங்கள் யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார்.

"டவுன்ல ஒரு வேகன்சி வருது. நீங்க இங்க வந்துர்றீங்களா டீச்சர்?"

நல்ல இடம். யாராக இருந்தாலும் வருவார்கள்.

"எனக்கும் ஆசதான் சார்" என்றாள் மலர்க்கொடி. "இங்க பஸ்ஸு இருக்குது, ஆஸ்பத்திரி இருக்குது. ஆனா நான் வந்துட்டா காலைல வூடு வூடா யாரு போறது? புள்ளைங்க தானா வராதுங்க. அதுங்க வரலன்னா மீதி மூணு பேருக்குச் சம்பளம் எதுக்கு சார்?"

தாளாளர் ராஜமாணிக்கம் சார் பக்கம் திரும்பினார். "இது டைம்டேபிள்ல இல்லியே சார்?"

"இல்ல பிரபா. நான் கேக்கவே இல்ல."

அதற்குப் பிறகு பேச்சு சீக்கிரம் முடிந்துவிட்டது. ஒரு வருஷம் உயர்வு கேட்க மாட்டோம் என்று நாங்கள் எழுதித் தருவது, மலையில் நான்கு பேரும் இருப்பார்கள் என்று அவர் எழுதித் தருவது. அவர் வராந்தாவுக்குப் போய் யார் யாரிடமோ நெடுநேரம் போனில் பேசினார். குரல் ஏறியது, இறங்கியது. உள்ளே வந்து, "சரி சார், ஒரு வருஷம் பாக்கலாம்" என்றார். அவர் கையெழுத்துப் போடும்போது கரண்ட் வந்து, ஃபேன் காற்றில் தாள் பறக்கப் பார்த்தது. பாலு ஓடிப் போய் அமுக்கினார். மலர்க்கொடியால் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. நானும் ஏழுமலையும் ஆளுக்கு ஒரு கை கொடுத்தோம். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

எங்கள் உயர்வு ஒரு வருஷம் கழித்து வந்தது, பாதியாக. சுமதி அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். காட்டட்டும்.

முதல் பீரியட்

அந்த ஜூன் மாதம், பள்ளி திறப்பதற்கு முன்னால் மலைக்கான அட்டவணையை ராஜமாணிக்கம் சார் புதிதாகப் போட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன். போண்டா வாங்கவில்லை. ஒரு கட்டமும் நிரப்புவதற்கு முன்னால் மலர்க்கொடிக்குப் போன் போட்டார். தண்ணீர் வழிகிற சத்தம் கேட்டது.

"உம் பேரத்தாம்மா மொதல்ல எழுதறன். திங்கக்கெழம மொத பீரியட், பத்தாவதுக்குத் தமிழ். சரியா?"

"மொத பீரியடா? வேணாம் சார். ஊருக்குள்ள போய்ட்டு புள்ளைங்களக் கூட்டிக்கினு வரவே அந்நேரம் ஆயிருது. இவ்ளோ நாளும் ஓடி ஓடி வந்துதான் கிளாஸுக்குப் போவன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இத்தனை வருஷமும் அந்த முதல் பீரியடை அவளுக்குப் போட்டுக்கொண்டிருந்தவர் அவர்தான்.

"அப்ப இன்னாம்மா போடட்டும்?"

"எம் பேர மட்டும் எழுதிட்டு, பாடம் எதுவும் போடாம வுட்ருங்க சார்."

அவர் அப்படியே எழுதினார். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து கட்டங்களில் மலர்க்கொடி என்ற பெயர் மட்டும். அதற்குக் கீழே வெறும் வெள்ளைத் தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை மூடிவிட்டு, எங்கள் இருவருக்கும் டீ சொன்னார்.